மாரி வர முன்னம் கக்கூஸ் குழியை ஒருக்கால் பாருங்கோ

2018 மார்கழி வெள்ளம் வடிஞ்சு கொஞ்ச நாளில கிளிநொச்சி கண்டாவளைப் பக்கத்தில இருந்து ஒரு அம்மா போன் எடுத்தா. "தம்பி, தாட்ட டேங்க் மேல வந்து நிக்குது, பைப்பெல்லாம் முறிஞ்சு போச்சு, ஒருக்கால் வந்து பார் ராசா" எண்டா. போய்ப் பாத்தால் 1000 லீற்றர் பிளாஸ்டிக் டேங்க் நிலத்தைப் பிளந்துகொண்டு முக்கால்வாசி எழும்பிச் சரிஞ்சு கிடக்கு, கக்கூஸில இருந்து போன எஸ்லோன் பைப் எல்போவோட முறிஞ்சு முத்தமெல்லாம் நாத்தம். விசாரிச்சால், மழை துடங்கின உடன கக்கூஸில தண்ணி இறங்கேல்ல எண்டு கக்கூஸ் குழி உறிஞ்சிற கலி பவுசர் வண்டியைக் கூப்பிட்டு ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்திருக்கினம். அதுக்கு ரெண்டு மூண்டு நாளில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து வெள்ளம் வந்திட்டுது.

வெறும் டேங்க் தோணி மாதிரி. சுத்திவர நிலத்தண்ணி முழுக்க ஏறினால் 1000 லீற்றர் டேங்கை கிட்டத்தட்ட 1000 கிலோ விசை கீழ இருந்து மேல தள்ளும், பிளாஸ்டிக் டேங்கின்ர சொந்தப் பாரம் அதுக்கு முன்னால ஒண்டுமே இல்லை, மேல போட்ட மண்ணும் ஊறி இளகி நிக்கேக்க ஆர் அதைப் பிடிச்சு வைக்கிறது? வளையம் இறக்கிக் கட்டின குழியெண்டால் மிதக்காது தான், ஆனா உள்ள வெறுமையா இருக்கேக்க வெளியால தண்ணி நெருக்கினால் வளையம் விலகும், புளொக் கல்லு வைச்சுக் கட்டினது உள்ளுக்கு விழும்.

அதால நான் எல்லாருக்கும் சொல்லுறது ஒண்டு தான், குழி எடுக்கிறதெண்டால் ஆடி, ஆவணி, புரட்டாதிக்குள்ள எடுங்கோ, வெள்ளம் நிக்கேக்க எடுக்காதேங்கோ. எடுத்த கையோட பைப்பை விட்டு பாதிக்கு மேல தண்ணி நிரப்பி விடுங்கோ. மழைக்குள்ள கக்கூஸ் இறங்கேல்ல எண்டால் அனேகமா குழி நிரம்பினதால இல்லை, டேங்கில இருந்து வாற தண்ணி மண்ணுக்க இறங்கிற சோக்பிட்டைச் சுத்தி நிலம் ஊறி தண்ணி போக இடமில்லாததால, அந்த நேரம் காசு குடுத்து எடுத்தாலும் நிலத்தண்ணி திரும்ப உள்ளுக்க வந்து விடிய முன்னம் நிரம்பிப்போம். அந்தக் கொஞ்ச நாளும் தண்ணிப் பாவனையைக் குறையுங்கோ, உடுப்புத் தோய்க்கிற தண்ணியையும் கூரைத் தண்ணியையும் குழிப் பக்கம் விடாதேங்கோ. வீட்டுக்குள்ள கொமட்டால திரும்பி வருமெண்ட பயம் இருந்தால் பொலித்தீன் பையில மண்ணை நிரப்பி இறுக்கிக் கட்டி கொமட் வாயில வைச்சு அடைச்சால் ஓரளவுக்குத் தாங்கும், வசதி இருக்கிற ஆக்கள் தண்ணியைத் திரும்பி வர விடாத நொன் ரிட்டர்ன் வால்வு போடலாம்.

மண்ணையும் பாக்கோணும். முல்லைத்தீவு கரையோர மணல் தண்ணியை டக்கெண்டு இழுக்கும், ஆனா ஊத்தையை வடிக்காமலே நிலத்தண்ணிக்கு அனுப்பிப்போடும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி கோடையில வெடிச்சு மாரியில வீங்கும், அந்த அசைவுக்கே பைப் மூட்டுகள் கழண்டு போகும், அங்க பைப்பைச் சுத்தி மணல் போட்டுத் தாக்கிறது நல்லது. பிறகு, நெல்லு மூட்டை ஏத்தின ரக்ரர் குழி மூடிக்கு மேலால போறதை நான் எத்தினை வளவில பாத்திட்டன், ஈர நிலத்தில அது ஒருக்கால் போனாலே காணும்.

எனக்கு உண்மையாவே நெஞ்சு பதறுறது கிணத்தை நினைச்சுத் தான். சண்டை முடிஞ்சு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவசர அவசரமாக் கட்டின நிறைய வளவில குழிக்கும் கிணத்துக்கும் இடையில 50 அடி கூட இல்லை, நான் வேலை பழகேக்க சொல்லித் தந்தது குறைஞ்சது அவ்வளவு எண்டு. கோடையில தாங்கும், வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒரே தண்ணி. வயித்தோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் அதால தான் வாறது, முதல்ல விழுறது சின்னப் பிள்ளையள். வெள்ளம் வந்து போன கிணத்துத் தண்ணியை இறைச்சு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுற அளவுக்குக் குளோரின் போட்டுத் தான் பாவிக்கோணும், அதுவரைக்கும் கொதிக்க வைக்காமல் ஒரு மிடறும் குடிக்காதேங்கோ. ஆனா சுத்திவர நிலம் ஊறி நிக்கேக்க பெரிய மோட்டரைப் போட்டு ஒரேயடியா அடி தெரிய இறைக்க வேண்டாம், கட்டில்லாத கிணறு இடிஞ்சு விழுந்திடும்.

இன்னொண்டு, இதைத் தயவுசெய்து வீட்டில எல்லாருக்கும் சொல்லுங்கோ. குழிக்குள்ள ஒருத்தரும் இறங்கக்கூடாது, "ரெண்டு நிமிசம் தானே" எண்டும் இறங்கக்கூடாது. உள்ள இருக்கிற ஐதரசன் சல்பைட் முதல்ல கூழ்முட்டை மாதிரி மணக்கும், கூடிப்போனால் மூக்கு மரத்து மணமே தெரியாது, ஆள் மயங்கி விழுந்திடும், தூக்க இறங்கினவரும் விழுவார். ஆராவது விழுந்தால் சத்தம் போட்டு ஆக்களைக் கூப்பிடுங்கோ, பின்னால குதிக்காதேங்கோ.

ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சான் ஒவ்வொரு வருசமும் குளிர் வர முன்னம் வெளிப் பைப்பைப் பூட்டி, உள்ள நிக்கிற தண்ணியை வடிய விட்டு, குளிர் படுற பைப்புக்கு மேல பஞ்சு சுத்தி விடுறவர். தண்ணி உறையேக்க 9 வீதமளவில பெருக்கும், பைப் வெடிச்சால் சுவரோட உடைக்கோணும். அங்க எல்லாரும் பனி வர முன்னம் அதைச் செய்யினம். எங்களுக்குப் பனி இல்லை, ஆனா மாரி வருசா வருசம் தவறாமல் வருது, வர முன்னம் குழியை எட்டிப் பாக்கிற பழக்கம் தான் இன்னும் வரேல்ல.

கண்டாவளை அம்மாவின்ர டேங்கைத் திரும்ப இறக்கேக்க அடியில கொங்கிரீட் தளம் போட்டு, கம்பி வளைச்சு அதோட சேர்த்துக் கட்டி, கக்கூஸையும் சுவரில இருந்த வெள்ளக் கோட்டுக்கு மேல உயர்த்தினம். இப்ப ஆவணி பிறந்தால் அவவே போன் எடுப்பா, "தம்பி, பவுசருக்குச் சொல்லட்டோ?" எண்டு. இந்த முறையும் போய் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் தள்ளி நிண்டுபோட்டு நீளத் தடியை விட்டுப் பாத்தன், அடிச்சேறு மூண்டில ஒரு பங்குக்கு வரேல்ல, இன்னும் ஒரு வருசம் தாங்கும். காத்துப் பைப்பில நுளம்பு வலை தான் கிழிஞ்சு கிடந்தது, அதை மாத்திக் கட்டிவிட்டு வந்தன்.