ஹை கமிஷனர்: தூதரா, ஆணையரா?

எங்கள் கோயில் விழாவுக்குத் தமிழ் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவன் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அழைக்கப்பட்டவர்களில் பிரிட்டோரியாவில் இருக்கும் இந்திய ஹை கமிஷனரும் ஒருவர். நானும் யோசிக்காமல் 'இந்திய உயர் ஆணையர்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு தாத்தா கேட்டார்: "ஆணையர்னு போட்டிருக்கியே தம்பி, இவர் யாருக்கு ஆணை போடுவாரு? நமக்கா?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். வீட்டுக்கு வந்து சொல்லைத் தோண்டிப் பார்த்தால், அது ஒரு சொல் இல்லை. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்ட மூன்று பேர்.

வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'மித்தேரே' என்றால் அனுப்புதல். அதோடு 'கொம்' சேர்ந்து 'கொம்மித்தேரே' ஆனால், ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைத்தல். கமிஷனர் என்பவர் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர், அவ்வளவுதான். போலீஸ் கமிஷனர், மாநகராட்சி கமிஷனர் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள். (தரகர் வாங்கும் கமிஷனும் இதே வேர்தான். விற்றுத்தரும் பொறுப்பை ஏற்றதற்குக் கூலி. வேருக்கு மானம் அவமானம் தெரியாது.)

'ஹை' எப்படி ஒட்டியது? பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்த நாடுகளுக்கெல்லாம் ஒரே அரசர். தூதர் என்பவர் ஓர் அரசர் இன்னோர் அரசருக்கு அனுப்பும் ஆள். கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஒரே மகாராணி என்றால், அவர் தனக்குத்தானே தூது அனுப்பிக்கொள்ள முடியுமா? அதனால் 1880-இல் கனடா லண்டனுக்கு அலெக்சாண்டர் கால்ட்டை அனுப்பியபோது 'தூதர்' என்ற பெயரைத் தவிர்த்து 'ஹை கமிஷனர்' என்றார்கள். அந்த ஏற்பாடு இன்றும் காமன்வெல்த் நாடுகளுக்குள் ஓடுகிறது. இந்தியா குடியரசாகி எத்தனையோ வருடம் ஆகியும் மாறவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதே பெயருக்கு வேறு முகமும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கேப் காலனியின் ஆளுநர்தான் தென்னாப்பிரிக்காவின் ஹை கமிஷனரும். 1897-இல் வந்த ஆல்ஃபிரட் மில்னர், டச்சு வழிவந்த போயர்களோடு ஆங்கிலேயர் நடத்திய போயர் போருக்கு வழிகோலியவர்களில் ஒருவர்; அவர் எவருக்கும் தூது போகவில்லை, ஆணைதான் போட்டார். பாசுட்டோலாந்து, பெச்சுவானாலாந்து, சுவாசிலாந்து (இன்றைய லெசோத்தோ, போட்ஸ்வானா, எஸ்வாத்தினி) மூன்றுக்கும் 1960-கள் வரை 'ஹை கமிஷன் பிரதேசங்கள்' என்றே பெயர். தாத்தாவின் கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்த முதல் பிரதிநிதிக்கு இந்தப் பட்டம் கிடைக்கவில்லை. 1927-இல் வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கு வெறும் 'ஏஜென்ட்' என்றுதான் பெயர். டர்பனில் சாஸ்திரி கல்லூரி என்று சொல்கிறோமே, அவர்தான். பின்னால் வந்தவர்கள் ஏஜென்ட்-ஜெனரல் ஆகி, அதன் பிறகே ஹை கமிஷனர் ஆனார்கள்.

1961-இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நம் தென்னாப்பிரிக்கத் தூதரகக் கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே இருந்த ஹை கமிஷனர் 'அம்பாசிடர்' ஆகிவிட்டார். 1994 ஜூனில் நாடு திரும்பச் சேர்ந்ததும் பழையபடி ஹை கமிஷனர். வேலை ஒன்றுதான், மாறியது பெயர்ப்பலகை. ஆகவே இவரைத் தமிழில் 'உயர் தூதர்' என்பதே சரி. திருக்குறளில் 'தூது' என்று தனி அதிகாரமே இருக்கும்போது சொல்லுக்கு எங்கே பஞ்சம்? இலங்கைத் தமிழர் 'உயர்ஸ்தானிகர்' என்பார்கள். ஸ்தானம் என்றால் இடம். அனுப்பியவரின் இடத்தில் இருப்பவர். பொருள் கச்சிதம். ஆனால் தமிழ்நாட்டுக் காதுக்கு ஸ்தானிகர் என்றால் கோயில் ஊழியம் ஞாபகம் வரும்.

மூன்றாமவர்தான் சிக்கல். 1921-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் நார்வேக்காரர் நான்சனை அகதிகளுக்கான ஹை கமிஷனர் ஆக்கியது. ஐ.நா. அந்தப் பெயரைத் தொடர்ந்தது. 1993-இல் மனித உரிமைகளுக்கும் ஒரு ஹை கமிஷனர் பதவியை உண்டாக்கியது. இவர்கள் எந்த நாட்டின் தூதரும் அல்ல. சொந்த நாட்டை ஆண்டவர்களே பிறகு இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். போர்ச்சுகல் பிரதமராக இருந்த குட்டெரெஸ் 2005 முதல் 2015 வரை அகதிகளுக்கான ஹை கமிஷனர், பிறகு ஐ.நா.வின் பொதுச்செயலாளர். அயர்லாந்தின் மேரி ராபின்சன் அதிபர் பதவியை விட்டு நேரே மனித உரிமைக்கு வந்தார். சிலியின் மிச்சேல் பச்சலெட் இரண்டு முறை அதிபராக இருந்துவிட்டு 2018-இல் வந்தார்.

நம் ஊர்ப் பெண் வந்த வழி வேறு. டர்பன் பஸ் டிரைவரின் மகள் நவநீதம் பிள்ளை. 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். 1973-இல் ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வாதாடி வாங்கினார். பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்திலும், ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஹை கமிஷனர். தேர்தல் பக்கம் போகாமலே தேர்தலில் வென்றவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு வந்தவர். 2013 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குப் போனபோது தமிழ் ஏடுகளில் 'ஆணையாளர்', 'உயர்ஸ்தானிகர்' என்று இரண்டு பெயரும் ஓடின. பின்னதைப் படித்தவர், ஏதோ ஒரு நாட்டுத் தூதர் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

இவருக்கு 'உயர் ஆணையர்' பொருந்தும். ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐ.நா. ஹை கமிஷனர் எந்த அரசுக்கும் ஆணையிட முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், அறிக்கை எழுதலாம். ஆணையர் என்பது இங்கே ஆணையிடுபவர் அல்ல, ஆணை பெற்றவர். 'ஆக்ஞா' என்ற வடசொல் பிராகிருத வழியாக 'ஆணை' ஆனது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சொல்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வரலாம். 'அம்மா மேல ஆணை' என்று சத்தியம் பண்ணும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்ட சொல்லை நான் வெளியே தள்ளமாட்டேன்.

ஞாயிறு காலையில் கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை வைத்துக்கொண்டு 'உயர் தூதர்' என்று அச்சடித்த சின்னத் துண்டுகளை மிச்சமிருந்த நோட்டீஸ்களில் ஒட்டினேன். தாத்தா கையில் இருப்பது மட்டும் பழையது. மாற்றித் தருகிறேன் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.