ச–ப இரண்டில் எழும் உறுமல்: ஹெவி மெட்டல் கிதார் எப்படி ஒலிக்கிறது?

சின்ன அரங்கில் நடக்கும் ஹெவி மெட்டல் கச்சேரியில் ஒரு வசதி உண்டு. மைதானத்தில் ராட்சதத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இங்கே கிதார்காரரின் விரல்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அத்தனை பெரிய முழக்கத்துக்கும் அவர் பெரும்பாலும் அழுத்துவது இரண்டே சுரங்கள் என்பது தெரிந்துவிடும். மிச்சக் கம்பிகள் சத்தமே இல்லாமல் கிடக்கும். வலது உள்ளங்கையின் ஓரம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமாகக் கம்பிகளை அமுக்கியபடி இருக்கும். 'ஜக் ஜக்' என்ற அந்த வெட்டு அதில் பிறப்பதுதான்.

அந்த இரண்டு சுரங்கள், நம் கணக்கில் சொன்னால், ச-வும் ப-வும். மெட்டல்காரர்கள் இதைப் பவர் கார்ட் என்பார்கள். கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் தம்பூரா ஓயாமல் மீட்டுவதும் இதே ஜோடியைத்தான். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே இயற்பியல்.

முதலில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதைப் பார்த்துவிடுவோம். கம்பியின் அதிர்வைப் பிக்கப் என்ற காந்தச் சுருள் மின்னலையாக மாற்றுகிறது. பெரும்பாலும் சில நூறு மில்லிவோல்ட்தான் தேறும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பல மடங்கு பெருக்குகிறது. ஆனால் வால்வோ டிரான்சிஸ்டரோ, எதுவானாலும் ஓர் உச்ச அளவுக்கு மேல் தர முடியாது. அந்த எல்லையைத் தாண்டச் சொன்னால் அலையின் முகடு சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். வளைவாக இருந்த அலை கிட்டத்தட்டச் சதுரமாகிறது. சதுர அலையைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்குகளும் உள்ளே இருக்கும். மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு வலிமையோடு, இப்படியே மேலே போகும். இந்த மடங்குகள்தான் மேற்சுரங்கள். கம்பி தராத அளவுக்கு அவற்றை மின்சுற்றே பெற்றெடுக்கிறது. கிதாரின் ரம்பக் கூர்மைக்கு அதுதான் காரணம்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கம்பியின் அதிர்வு தேய்ந்துகொண்டே வந்தாலும், அது எல்லைக்கு மேலே இருக்கும்வரை சீவப்பட்ட உயரம் மாறாது. அதனால்தான் ஒரு சுரம் அடங்காமல் நீண்டுகொண்டே போகிறது. கூடவே, இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ரிஃப் என்ற, திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி நின்ற அடுத்த நொடி ஸ்பீக்கரிலிருந்து வரும் 'ஸ்ஸ்ஸ்' சின்ன அரங்கில் நன்றாகவே கேட்கும்.

சரி, ஏன் இரண்டே சுரம்? ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்களை இந்தச் சுற்றுக்குள் அனுப்பினால் வெளியே அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வரும். கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு. அதற்குப் பஞ்சமம் சுமார் 123.5. கழித்தால் 41. கூட்டினால் 206. முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தாலும் அதே 41தான். 41, 82, 123, 165, 206, 247 என்று எல்லாமே 41-இன் மடங்குகளாக வரிசை கட்டி நிற்கின்றன. ச–ப விகிதம் 3:2 என்பதால் கிடைத்த ஒழுங்கு இது. இப்படி வரிசையாக வரும் அதிர்வெண்களை நம் காதும் மூளையும் தனித்தனியாகக் கேட்பதில்லை. 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரே சுரமாகச் சேர்த்துக்கொள்கின்றன. கிதார் ஸ்பீக்கரால் 41-ஐ உரக்கத் தர முடியாது. ஆனாலும் மேலே உள்ள மடங்குகளை வைத்து, இல்லாத அடித்தளத்தை மூளை ஊகித்துவிடுகிறது. பேஸ் கிதாரின் தடித்த கம்பி இருப்பதும் சரியாக இதே 41.2 ஹெர்ட்ஸில்தான். மூளை ஊகித்த சுரத்துக்குப் பேஸ்காரர் நிஜமாகவே உடல் கொடுக்கிறார். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பேஸைக் கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இப்போது நடுவில் ஒரு காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். டிஸ்டார்ஷன் இல்லாத கிதாரில் இனிமையாக இருக்கும் மேஜர் கார்ட் அது. கிதாரின் கட்டைகள் ஓர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிப்பதால், அதன் அந்தர காந்தாரம் 5:4 என்ற இயற்கை விகிதத்தைவிடச் சற்றே தூக்கலாக, 103.8 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதன் நான்காம் மடங்கு 415. ச-வின் ஐந்தாம் மடங்கு 412. இரண்டும் மோதி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் விம்மல் எழும். பஞ்சமத்தில் இதே மோதல் மூன்று நான்கு நொடிக்கு ஒரு முறைதான். போதாததற்கு ச–க கழித்தால் 21, க–ப கழித்தால் 20 என்று கேட்பின் அடிவிளிம்பில் இரண்டு ஒலிகள் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். கொழகொழவென்று ஆகிவிடும். எனவே மூன்று சுரம் வேண்டுமென்றால் கிதார்காரர் கிதாரிலேயே உள்ள வால்யூம் குமிழைக் குறைப்பார். அலை எல்லைக்குக் கீழே இறங்கியதும் முகடு சீவப்படுவதும் நிற்கும், காந்தாரம் மறுபடி இனிக்கும். மெட்டல் பாட்டுகளின் மெதுவான முன்னுரைப் பகுதிகளில் இதைக் கேட்கலாம்.

தம்பூராவுக்கு வருவோம். தந்திகளைத் தாங்கும் அதன் குதிரை அகலமானது, மேற்பரப்பு மெல்லிய வளைவு கொண்டது. தந்தி அதில் உரசி உரசி அதிரும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் நூலை மயிரிழை நகர்த்தி, சரியான இடத்தில் உட்கார்ந்ததும் 'ஜீவா' பேசுகிறது என்பார்கள். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1921-இல், கல்கத்தாவில் இருந்தபோது, வீணை, தம்பூரா குதிரைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் ஒரு குறிப்பிட்ட மேற்சுரம் வரவே கூடாது என்று பழைய விதி சொல்கிறதோ, அந்த இடத்தில் மீட்டினாலும் தம்பூராவில் அந்த மேற்சுரம் கேட்கிறது என்று காட்டினார். கொடுத்ததை அப்படியே திருப்பித் தராமல் புதிய அதிர்வெண்களைச் சேர்த்துத் தரும் அமைப்பு அது. அங்கே குதிரை செய்வதை இங்கே வால்வு செய்கிறது. மேற்சுரங்கள் இவ்வளவு செழிக்கும் இடத்தில் இசைந்து நிற்கக்கூடிய ஜோடி ச–பதான்.

இந்த ஒலி வளர்ந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 1965-இல் அங்கே ஒரு தகடு ஆலையில் வேலை பார்த்த கிதார்காரர் டோனி அயோமிக்கு 17 வயது. இயந்திரத்தில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவருடைய மெட்டல் குழுவான பிளாக் சபாத்தும் ஆரம்பத்தில் அந்த ஊர் பப்களின் சின்னக் கூடங்களில் வாசித்ததுதான். 1971-இல் கிதாரை ஒன்றரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தார். கம்பி தளர்ந்தது, ஒலி இன்னும் கனத்தது. மெட்டலில் சுருதியை இறக்கும் வழக்கத்துக்கு அது பெரிய தூண்டுதல்.

சின்ன அரங்கில் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கேட்பது மாறும். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். சின்னக் கூடத்தின் நீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் சேர்ந்து நெஞ்சை உலுக்கும், இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ரத்தாகி மெலியும். உயர் மேற்சுரங்களோ 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து கற்றையாக நேரே பாயும். நேர் எதிரே நிற்பவருக்குக் காது கூசும், பக்கவாட்டில் நிற்பவருக்கு மந்தமாகக் கேட்கும். மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. ஒலி சரிபார்ப்பவர் கேட்டுச் சமன் செய்வது அந்த இடத்துக்குத்தான்.

டிரம்ஸ் மட்டுமே இவ்வளவு சின்ன இடத்தில் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும், கிதார் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் நலநிறுவனமான நயாஷின் வரம்புப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-இல் 15 நிமிடம்தான். கச்சேரி முடிந்து காதில் 'ஙொய்' என்று கேட்பது ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். 2009-இல் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் திறன் திரும்பி வந்தது. ஆனால் உட்செவி மயிர்ச்செல்களை நரம்போடு இணைக்கும் இணைப்புகளில் சில பகுதிகளில் பாதி வரை நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதக் காதிலும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. காதில் செருகும் ஸ்பாஞ்சு அடைப்பான் இதைத் தடுக்க உதவும், ஆனால் உயர் மேற்சுரங்களை அதிகமாக விழுங்கி கிதாரைப் போர்வைக்குள் தள்ளிவிடும். இசைக்காரர்களுக்கென்று வரும் வடிகட்டி அடைப்பான்கள் எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. அவற்றை முதல் குழு மேடை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்; பேஸும் கிதாரும் எங்கே பிரிகின்றன என்பதும் அப்போது இன்னும் தெளிவாகக் கேட்கும்.