காய்ந்தால்தான் கொழிக்கும் சதுப்பு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஆற்றுப் பகுதிகளுக்குப் பறவை பார்க்க வண்டியெடுத்துப் போகிறவர்கள் வரைபடத்தை முழுசாக நம்பக் கூடாது. நீலமாகக் காட்டியிருக்கும் ஏரியில் வெடித்த களிமண்ணும் நாலு ஆடுகளும் நிற்கும். வேறொரு வருடம் அதே இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கூடுகள். எங்கோ மேல்பகுதியில் பெய்த மழை, தட்டையான நிலத்தில் ஊர்ந்து ஊர்ந்து, வாரக்கணக்கில் கழித்து வந்து சேரும். உள்ளூரில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே வெள்ளம் வருவது அங்கே சாதாரணம்.

காய்ந்து கிடப்பதைக் கேடு என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் விருந்துக்கான சமையல் அப்போதுதான் நடக்கிறது. எப்போதும் தண்ணீர் நிற்கும் ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் குறைவு. மட்கும் வேலை மெதுவாகவே நடக்கும். வற்றியதும் வெடிப்புகள் வழியாகக் காற்று புகுகிறது, புல் முளைத்துக் காய்கிறது, ரிவர் ரெட் கம் மரங்களின் இலைகள் குவிகின்றன. (நம் ஊர்த் தோப்புகளில் நிற்கும் தைலமர இனங்களில் இதுவும் ஒன்று.) மறுபடி தண்ணீர் ஏறியதும் நைட்ரஜன், பாஸ்பரஸ், கரிமம் எல்லாம் கரைந்து வெளிவருகின்றன. சில நாட்களில் பாக்டீரியாவும் பாசியும் பெருகுகின்றன. மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கிய நுண்ணிய ஓட்டுயிரிகளின் முட்டைகள் பொரிக்கின்றன. முதலில் வாத்துகளுக்குக் கொண்டாட்டம். அப்புறம் பூச்சி, தவளை, மீன் என்று பெருகப் பெருக, கொக்கும் அரிவாள்மூக்கனும் வருகின்றன. இலைக்குவியல் அளவுக்கு மீறி இருந்தால் மட்டும் கதை மாறும்: மட்கும் வேலையே ஆக்சிஜனைத் தின்றுவிட, தண்ணீர் கறுத்து மீன்கள் செத்து மிதக்கும்.

சரி, பறவைகளுக்குச் சேதி எப்படிப் போகிறது? பட்டை நெடுங்கால் உள்ளான் இதில் பெரிய புதிர். கடலோரத்தில் இரை தேடும் இந்தப் பறவையின் கூடு 1930-இல்தான் முதன்முதலாகப் பதிவானது. உப்பு ஏரி நிரம்பி உப்புநீர் இறால் பொரிக்கும் அபூர்வத் தருணத்தில் மட்டும் பாலைவனத்துக்குள் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, தொலைவில் மழை பெய்த சில நாட்களிலேயே அவை கிளம்புவது தெரிந்தது. ஒரு பறவை 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்திருந்தது. காற்றழுத்த மாற்றமா, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியா, வாசனையா? எதுவும் இன்னும் நிரூபணமாகவில்லை.

நியூ சவுத் வேல்ஸின் மக்குவாரி சதுப்பில் சிக்கல் வேறு. வைக்கோல் கழுத்து அரிவாள்மூக்கன் அங்கே நாணலையும் லிக்னம் புதரையும் மிதித்து மடக்கிக் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். நடுவில் தண்ணீர் மளமளவென்று இறங்கினால், முட்டை, குஞ்சு என்று பார்க்காமல் தாய்ப்பறவைகள் போய்விடும். ஆற்றின் மேல்பகுதியில் 1967-இல் பர்ரெண்டாங் அணை கட்டி முடிக்கப்பட்டது. பெருவெள்ளம் இன்னும் வருகிறது, ஆனால் நடுத்தர வெள்ளங்களை அணை பிடித்துக்கொள்கிறது. அதற்காக எப்போதும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. நிரந்தரமாக நீர் நின்றால் ரெட் கம் மரங்களே பட்டுப்போகும். அதனால் இப்போது அணை நீரில் ஒரு பங்கை இயற்கைக்கென ஒதுக்கி வைத்து, இயல்பான வெள்ளத்தின் வாலில் சேர்த்து விடுகிறார்கள். மதகை எத்தனை வாரம் திறந்து வைப்பது என்பதற்குக் கூடுகளில் குஞ்சுகளின் வயதும் ஒரு கணக்கு.