கதிர்வீச்சா, கதிரியக்கமா?

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த கையோடு குழந்தையைத் தூக்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் பாதி, இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

ரேடியேஷன் என்பதன் வேர், லத்தீன் மொழியின் ‘ரேடியஸ்’. சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கீற்றுக்கும் அதே சொல்தான். தமிழில் நமக்குக் ‘கதிர்’ இருந்தது. சூரியனுக்கும் கதிர், நெல்லுக்கும் கதிர், நூல் நூற்கும் ராட்டைக்கும் கதிர். ஆற்றல் ஒரு மூலத்திலிருந்து கிளம்பிப் பரவினால் அது கதிர்வீச்சு. அப்படிப் பார்த்தால் விளக்கொளியும் கதிர்வீச்சுதான். மருத்துவத்தில் கவலைக்குரியது, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ‘அயனியாக்கும் கதிர்வீச்சு’. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் இந்த வகை. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் இதில் சேரா.

கதிரியக்கம் வேறு. நிலையற்ற அணுக்கரு தானாகவே சிதைந்து கதிர்களை வெளிவிடும் பண்பு அது. எக்ஸ்ரே குழாயில் அந்தப் பேச்சே இல்லை. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். எலும்பு ஸ்கேனில் நிலைமை மாறும். அங்கே டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளையே ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். அதன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 6 மணி நேரம். அதனால்தான் கொஞ்ச நேரம் கைக்குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைக் ‘கதிரியக்கப் பிரிவு’ என்று எழுதுவது அதனால் எனக்கு உறுத்துகிறது. ‘கதிரியல் பிரிவு’ போதுமே. 1895இல் ஜெர்மன் இயற்பியலாளர் ரோண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டபோது இன்னதென்று தெரியாததால் ‘எக்ஸ்’ என்றார். தமிழின் ‘ஊடுகதிர்’ அது செய்யும் வேலையையே சொல்லிவிடுகிறது. ஆனாலும் பேச்சில் எக்ஸ்ரே இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஆபத்து எவ்வளவு? உடல் ஏற்கும் கதிரளவை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். சுவீடன் இயற்பியலாளர் ரோல்ஃப் சீவர்ட்டின் பெயர். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1ஐத் தாண்டுவது அரிது. வயிற்று சி.டி.யோ 8, 10 என்று போகும். அதனால் வரும் புற்றுநோய் வாய்ப்பு சிறிதுதான், ஆனால் எடுக்க எடுக்கக் கூடும். குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். நெஞ்சு எக்ஸ்ரேக்கு அஞ்சி மருத்துவரைத் தவிர்ப்பது வீண். அதே சி.டி.யை மறுபடி எடுக்கச் சொன்னால் மட்டும், பழைய படத்தைக் காட்டி ‘இது போதாதா?’ என்று கேளுங்கள். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.