ஹெக்ஸபாட் – அறுகாலி

ஆறு கால்களால் நடக்கும் ரோபோவுக்கு ஹெக்ஸபாட் என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஹெக்ஸ்’ ஆறு, ‘பூஸ்’ கால். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் தேடும் நம் மாணவர்கள் பலர் ‘ஸ்பைடர் ரோபோ’ என்றே கேட்கிறார்கள். சிலந்திக்கு எட்டுக் கால். இதற்கு முன்மாதிரி கரப்பானும் குச்சிப்பூச்சியும்தான்.

தமிழில் அறுகாலி என்பதே பொருத்தம். ‘ஆறு’ அடுத்த சொல்லோடு சேரும்போது ‘அறு’ என்று குறுகும்: அறுசுவை, அறுமுகம். வண்டை ‘அறுகாற்பறவை’ என்பது பழைய வழக்கு. கன்னடத்தின் ஆறடிச் செய்யுளான ‘ஷட்பதி’யிலும் இதே பொருள் இருக்கிறது. நாற்காலி, முக்காலி போலத் தட்டுமுட்டுச் சாமானாகத் தோன்றலாம் என்பதால், முதல்முறை எழுதும்போது ‘அறுகாலி ரோபோ’ என்று எழுதிவிடுவது நல்லது.

இதன் அடிப்படை நடையை முக்காலி நடை எனலாம். இடப்பக்கத்தின் முன்காலும் பின்காலும், வலப்பக்கத்தின் நடுக்காலும் தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்றும் தூக்கி முன்னே வைக்கப்படும். பிறகு முறை மாறும். எடைமையம் ஊன்றிய முக்கோணத்துக்குள் இருக்கும்வரை ரோபோ சாயாது. தூக்கிய கால்கள் தரையைத் தொடுவதற்குள் அடுத்த மூன்றும் எழும்பினால் உடல் பொத்தென்று விழும். ஆறும் ஒருகணம் ஊன்றியிருக்கும்படி நிரல் எழுத வேண்டும்.

பலரும் சறுக்குவது நடுக்கால் கணக்கில். எடையை மூன்றால் வகுத்துவிடுகிறார்கள். ஒருபக்கம் தனியாக நிற்கும் நடுக்கால் ஏறத்தாழ பாதி எடையைத் தாங்குகிறது. ரோபோ 2 கிலோ, தொடை மூட்டிலிருந்து பாதம் கிடைமட்டமாக 10 செ.மீ. என்றால் அந்த மூட்டுக்கு 10 கிலோ-செ.மீ. முறுக்குவிசை (திருப்பும் விசை) தேவை. மூட்டை வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் மோட்டாருக்கு சர்வோ என்று பெயர். எம்ஜி996ஆர் என்ற சர்வோ 4.8 வோல்ட்டில், சுழலவே முடியாமல் முழுத் திணறலில் நிற்கும்போது தருவதே 9.4தான். மோட்டார் சூடேறிப் பல்சக்கரம் தேயும். பாதத்தை 5 செ.மீ.க்குள் இழுத்து வையுங்கள், அல்லது எடையைக் குறையுங்கள்.

அமெரிக்காவின் எம்ஐடியில் ரோபோ ஆய்வாளர் ராட்னி புரூக்ஸின் குழு 1989-இல் நடக்கவிட்ட ‘கெங்கிஸ்’ என்ற அறுகாலி, காலுக்கு 2 மோட்டார் வீதம் 12-ஐக் கொண்டது. இன்று வழக்கம் 3 வீதம் 18. சர்வோக்களுக்குக் கட்டளை அனுப்பும் பிசிஏ9685 போர்டில், சர்வோவுக்கு ஒன்றாக 16 வழிகளே உள்ளதால் இரண்டு போர்டு வேண்டும். இரண்டாவதன் முகவரியை மாற்ற, அதிலுள்ள ஏ0 என்ற புள்ளியை ஈயம் வைத்து இணைக்காவிட்டால், இரண்டும் ஒரே கட்டளைக்கு ஆடும். சர்வோக்களுக்குத் தனி மின்வழி கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் கம்பியை) மட்டும் கட்டுப்பாட்டு போர்டோடு பொதுவாக்குங்கள். ஒரே மின்வழியில் எல்லாம் இருந்தால், சர்வோக்கள் ஒருசேர அசையும்போது வோல்ட்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும்.