சம்பா பயிர்க் காப்பீடு: எது கிராமத்துக் கணக்கு, எது உங்கள் வயலின் கணக்கு?

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. மழையை நம்பிக் கணக்குப் போட முடியாத காலம் இது. இந்த நிலையில் காவிரி டெல்டா விவசாயிக்கு இருக்கும் முக்கியமான பிடிமானம், 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். ஆனாலும் "வயலே முழுகிப் போச்சு, பைசா வரலையே" என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. காரணம் பெரும்பாலும் திட்டம் இழப்பைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது.

முதலில் பணம். காரீப் (மழைக்காலத் தொடக்கப் பருவம்) உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு (அடுத்து வரும் குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், வணிக, தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை விவசாயி கட்ட வேண்டும். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. சம்பா ராபியில் சேர்வதால் அதற்கு 1.5 சதவீதம்தான். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது ரூ.540. பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரீப் முதல் இது கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்று கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால், வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ உங்கள் கணக்கிலிருந்து பிரீமியத்தைப் பிடித்துவிடும். கடன் வாங்காதவர்கள் ஆதார், வங்கிப் புத்தக நகல், சிட்டா (நில உரிமைப் பதிவு), கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (பயிர்ப் பதிவு) அல்லது விதைப்புச் சான்றுடன் பொது சேவை மையத்தில் பதியலாம். குத்தகைக்குச் செய்பவர்களுக்கும் உரிமை உண்டு.

இனி கணக்கு. சம்பாவுக்கு இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து அல்ல, வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். அந்தச் சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ, உத்தரவாதம் 80 சதவீதம் என்றால் வரம்பு 2,000 கிலோ. இந்த ஆண்டு கிராமச் சராசரி 1,500 கிலோவாக இறங்கினால் இழப்பு 25 சதவீதம். மேலே சொன்ன ரூ.36,000க்கு ஏக்கருக்கு ரூ.9,000 கிடைக்கும். சராசரி 2,100 கிலோ என்றால், உங்கள் தாழ்வான வயலில் ஒரு மூட்டைகூடத் தேறாவிட்டாலும் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. ஊரே காய்ந்த 2016 போன்ற ஆண்டில் இந்த முறை பொருந்துகிறது. வடிகால் கடைசியில் இருக்கும் நாலு வயல் மட்டும் முழுகும் ஆண்டில் இது அநியாயமாகவே முடிகிறது.

அந்தச் சராசரி எப்படிக் கிடைக்கிறது? கிராமத்துக்குக் குறைந்தது 4 இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். குலுக்கல் முறையில் தேர்வான வயலில் நீளம் 5 மீட்டர், அகலம் 5 மீட்டர் அளந்து, நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் விளைந்த அந்த நெல்தான் ஊரின் தலையெழுத்தை எழுதுகிறது. தேதியை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊர்க்காரர்கள் நாலு பேர் போய் நின்று எடையைக் குறித்துக்கொள்வது மிக அவசியம் என்பேன். 2023 காரீப் முதல் நெல்லுக்குச் செயற்கைக்கோள் உள்ளிட்ட தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கும் குறைந்தது 30 சதவீத எடை தரும் முறை வந்திருக்கிறது.

உங்கள் வயலைத் தனியாகப் பார்க்கும் இடங்களும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இடிமின்னலால் தீ ஆகியவற்றால் வரும் சேதம் ஒன்று. நெல் நீரில் முழுகுவதை 2018இல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெல்டாவுக்கு விழுந்த பெரிய அடி அது. 2026 காரீப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாகவும் 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. உங்கள் மாவட்டத்துக்கான அரசாணையில் இது இடம்பெற்றிருக்கிறதா என்று பதியும்போதே கேளுங்கள்.

இன்னொன்று அறுவடைக்குப் பிந்தைய இழப்பு. அறுத்து வயலிலேயே காயப் போட்ட அரியை 14 நாளுக்குள் புயலோ பருவம் தவறிய மழையோ கெடுத்தால் இது பொருந்தும். மெஷின் அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்த நெல்லுக்கு இது பொருந்தாது.

இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். 14447 என்ற எண்ணிலோ 'கிராப் இன்சூரன்ஸ்' செயலியிலோ சொல்லலாம். இருப்பிடம் பதிவாகும்படி வயலில் நின்று படம் எடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.

விதைக்கவே முடியாமல் போவதற்கும் வழி இருக்கிறது. கிராமத்துப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைப்பு நடக்காவிட்டால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தந்து அந்தப் பருவக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், புயல்கள் வரும் மாதமே அதுதான். ரசீது கைக்கு வந்ததும் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வங்கிக் கணக்கு எண் ஐந்தையும் அடங்கலோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். இழப்பீடு அறிவித்தபின் உங்கள் கிராமத்துக்கு மட்டும் வரவில்லை என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, கிராம மகசூல் விவரத்தையும் உத்தரவாத மகசூலையும் எழுத்தில் கேளுங்கள்.