அலைவுகாட்டி: ஆசிலோஸ்கோப்புக்கு ஏற்ற தமிழ்

மின்னணுச் சுற்றுகளை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் மல்டிமீட்டருக்கு அடுத்து ஏங்குவது ஆசிலோஸ்கோப்புக்குத்தான். மல்டிமீட்டர் மின்னழுத்தத்தை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து தருவது இது.

சொல்லின் முன்பாதி லத்தீன். 'ஆசிலாரே' என்றால் ஊசலாடுதல்; அதற்கும் முந்தையது 'ஆசில்லும்', சிறு முகம். மதுக்கடவுள் பாக்கஸின் முகமூடியை மரக்கிளையில் தொங்கவிட, அது காற்றில் ஆடியதிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். பின்பாதி, பார்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1897இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் கேதோடு கதிர்க்குழாயை உருவாக்கியதும் அந்த ஊசலாட்டம் ஒளிரும் திரைக்கு வந்தது.

தமிழில் அலைநோக்கி என்றும் எழுதுகிறார்கள், அலைவுகாட்டி என்றும் எழுதுகிறார்கள். தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் முதலாவது எடுப்பாகத்தான் இருக்கிறது; எனக்கு உடன்பாடில்லை. அலை இடம்விட்டு இடம் பரவுவது. திரையில் தெரிவதோ ஒரே புள்ளியில் காலப்போக்கில் நிகழும் ஏற்ற இறக்கம். அதற்குப் பாடநூல்களில் உள்ள சொல் அலைவு. (பேட்டரியை இணைத்தால் அலைவே இல்லாத நேர்கோடுதான் வரும். அந்தக் குறை மூலச்சொல்லுக்கும் உண்டு.)

நோக்கியா, காட்டியா என்பது ஆர்டுயினோ ஊனோ என்னும், நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையில் நாமே ஒன்றைச் செய்யும்போது விளங்கிவிடும். அது 0 முதல் 5 வோல்ட் வரையிலான அழுத்தத்தை 1,024 படிகளாகப் பிரித்து அளக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். வழக்கமான கட்டளையில் ஓர் அளவீட்டுக்குச் சுமார் 100 மைக்ரோநொடி, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் அளவீடுகள். அதே பலகையின் 9ஆம் முனையில் கிடைக்கும் 490 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 புள்ளிகள் விழும். அவற்றை இணைத்தால், செங்குத்தாக எழ வேண்டிய விளிம்பு சற்றே சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு மின்சுற்றில் இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கருவி தானாக இழுத்த கோடு. 9,000 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தாலோ, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளிதான் விழும்; அவற்றை இணைத்து, கூசாமல் 1,000 ஹெர்ட்ஸ் என்று வரைந்து வைக்கும். இப்படி அளந்து, நினைவில் வைத்து, தானே படம் போடுவதை நோக்கி என்பது எப்படிப் பொருந்தும்? காட்டிதான்.

சுற்றைத் தொட்டு அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் புரோபுக்கு ஆய்முனை என்று நான் எழுதுகிறேன். ஓடும் அலைவைத் திரையில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் ட்ரிகருக்குத்தான் மனம் ஒப்பும் சொல் இன்னும் அகப்படவில்லை.